ஆரஞ்சுக் கூட்டம்

நாள் 211, காலை 6.10
பத்தாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: "கண்ணுக்கே தெரியாத பாசிய எப்படி டீச்சர் எண்ணுவாக?" ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள் என்றேன். ஓய்வுக்குப் பின் இந்த மிதவையில் தனியாக அதைத்தான் செய்கிறேன். கருவி கடல்நீரை மெல்லிய தாரையாக்கி, நுண்பாசிகளை ஒவ்வொன்றாக லேசர் முன் நிறுத்துகிறது. ஒளி சிதறும் அளவு பருமனைச் சொல்லும். மினுங்கும் நிறம் இனத்தைச் சொல்லும். ஒவ்வொரு இனமும் திரையில் தனிப் புள்ளிக் கூட்டமாக விழும். மிகச் சிறியது, மங்கிய சிவப்பு. சற்றே பெரியது, ஆரஞ்சு. பருத்தது, அடர்சிவப்பு.
இன்று மூன்றும் பூஜ்யம். வெயிலை மறைத்த சாம்பல் வானில் இன்னும் விலகவில்லை.

நாள் 214, காலை 6.30
அளவுமணி தீர்ந்து புதுப் புட்டி திறந்தேன். ஒவ்வொரு மாதிரியிலும் கணக்கைச் சரிபார்க்க ஒரு சொட்டு விடும் மினுங்கும் நுண்மணிகள் அவை.
ஆரஞ்சுக் கூட்டம் திரும்பிவிட்டது. மில்லிலிட்டருக்கு நாற்பதாயிரம். மூன்று முறை ஓட்டினேன்.

காலை 7.05
தூத்துக்குடி உப்புக் கிடங்கில் அறுபத்து மூன்று பேர் சாம்பல் காற்றுக்குத் தப்பி அடைபட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மூச்சு தரும் பாசித் தொட்டிகள் செத்துக்கொண்டிருக்கின்றன. படகில் ஒரு பயணத்துக்குத்தான் டீசல்: இங்கே வந்து தொட்டிகளுக்கு உயிர்ப்பாசியுள்ள விதைநீர் எடுக்கலாம், அல்லது எல்லோரும் மன்னார் புகலிடத்துக்குப் போய்விடலாம்.
வானொலியில் எண்ணிக்கையைச் சொன்னேன். படகோட்டி கஸ்பார்: "கண்ணாடி போட்டுத்தான டீச்சர் பாத்திய? இங்க எல்லாரும் மூட்டையக் கட்டிட்டு நிக்காக."
நான்: "போட்டுத்தான் பாத்தேன். மூட்டைய அவுக்கச் சொல்லுங்க."

நாள் 216, மாலை 4.00
கஸ்பார் இருபது டிரம் நீர் ஏற்றிப் போனார். போகிற வழியில் வானொலியில்: "கூட வந்துருக்கலாம்லா? அங்க யாருக்கு டீச்சர் பாடம் நடத்தப் போறிய?"

நாள் 221, காலை 9.20
கஸ்பார்: "தொட்டி பச்சை புடிக்கல டீச்சர்."

காலை 10.15
வடிகட்டிய நீரில் மணிகளை மட்டும் விட்டு ஓட்டினேன். அதே ஆரஞ்சுக் கூட்டம். அதே நாற்பதாயிரம். பழைய மணிகள் திரையின் மேல்மூலையில் விழும். புதியவை ஆரஞ்சுப் பாசியின் இடத்தில் விழுகின்றன. அன்று மேல்மூலை காலியாக இருந்தது. பார்த்தேன். சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். சுற்றுலாவில் பிள்ளைகளை எண்ணும்போது பேருந்துக் கண்ணாடியில் தெரிந்த முகங்களையும் சேர்த்து எண்ணியதுபோல.

காலை 10.40
நான் எண்ணியது பாசியை அல்ல, மணிகளை என்று வானொலியில் சொல்லிவிட்டேன்.
கஸ்பார்: "சரி டீச்சர். பிள்ளையள்ட்ட நாங்க சொல்லல. அதுகள்ட்ட பேசுனா நீங்களும் சொல்லிராதிய."

நாள் 229
கரை நான்கு நாளாகப் பேசவில்லை. எனக்கு மூச்சு தரும் அறைத் தொட்டியும் பழுப்பு. எழுத்து கோணுகிறது.
இதைக் கண்டெடுப்பவருக்கு: கருவி ஓடும். கடல்நீரை ஊற்றுவதற்கு முன், வடிகட்டிய நீரில் மணிகளை மட்டும் விட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.