நான் வெட்டிய ஓரம்

இஞ்சாருங்கோ,

நாற்பத்தொரு வருஷம் இந்தச் சொல்லைத் தவிர வேறெதையும் சொல்லி உங்களை நான் அழைத்ததில்லை. இப்போது "அன்புள்ள" என்று தொடங்கினால் வேறு யாருக்கோ எழுதுகிறேன் என்று நினைப்பீர்கள்.

முதலில் ஒரு திருத்தம். உங்கள் ஆண்டுத் திவசத்தன்று இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் தலைவர் எழுந்து, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீடு எரிந்தபோது நான் நகைப்பெட்டியை விட்டுவிட்டு நீங்கள் வாங்கிவைத்த துறைமுகப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தேன் என்று பேசினார். நினைவு மலரிலும் அப்படியே அச்சாகியிருக்கிறது. பெண்கள் வந்து என் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி அழுதாள்.

அது நடக்கவில்லை. அந்த வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தவை என் கைப்பையும் உங்கள் மூக்குக்கண்ணாடியும் மட்டுமே. அந்தப் படம் அன்று வெள்ளவத்தையிலேயே இருக்கவில்லை. பிழை அச்சில் வந்தால் திருத்தமும் அச்சில் வரவேண்டும். ஆகவே இந்தக் கடிதத்தைச் சங்கச் செய்திமடலுக்கே அனுப்புகிறேன். எல்லோரும் வாசிக்கட்டும்.

வாசிப்பவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நில அளவைத் திணைக்களத்தில் வரைபடம் வரைந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மருதானை நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் குந்தியிருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில வாரப் பத்திரிகைகளின் படத்தாள்களைப் பொறுக்கிக்கொண்டு வருவீர்கள். புகைப்படத்தை அச்சிடத் தெரியாத காலத்தில் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த படங்கள். அவற்றில் பெரியது, லண்டன் துறைமுகத்தில் கப்பலிலிருந்து தேயிலைப் பெட்டிகளை இறக்கும் காட்சி. பெட்டிகள் எங்கள் நாட்டிலிருந்து போனவை என்று அடித்துச் சொல்வீர்கள். அதற்கு ஒரு சான்றும் இல்லை என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன்.

அந்தப் படம் ஒரே கட்டையில் செதுக்கியதல்ல என்று எனக்குக் காட்டித் தந்தவர் நீங்கள்தான். அதற்கு உகந்த மரம் பருமனாக வளராது. ஆகவே எட்டுச் சிறு கட்டைகளைப் பின்னால் திருகாணி போட்டு இறுக்கி ஒரே பலகையாக்குவார்கள். படத்தை அதன்மேல் வரைந்த பிறகு கட்டைகளைக் கழற்றி எட்டுப் பேரிடம் கொடுப்பார்கள். வாரப் பத்திரிகை காத்திருக்காது. எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் செதுக்கினால்தான் முடியும். கழற்றுவதற்கு முன் தலைமைச் செதுக்குநர் மூட்டுகளின் குறுக்கே போகும் கோடுகளை மட்டும் தானே வெட்டிவைப்பார், பிறகு ஒன்றோடொன்று பொருந்துவதற்காக. அப்படியும் மூட்டு முழுவதும் மறையாது. பூதக்கண்ணாடியை வைத்தால் வானத்தின் நடுவே மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு ஓடும்.

"இந்தப் பக்கத்தைச் செதுக்கினவன் அவசரக்காரன், பாரும். மற்றவன் உம்மைப்போல, ஒரு கோடும் பிசகாது" என்பீர்கள். எனக்கு அது பிடித்திருந்தது. உங்களிடம் சொன்னதில்லை.

இனி என் பங்கு. நம்முடைய மகள் வாசுகியின் கல்யாணம் கதைக்க மாப்பிள்ளை வீட்டார் வந்த நாள் நினைவிருக்கிறதா? சாப்பாட்டு மேசை முழுவதும் உங்கள் தாள்கள். நான் பலகாரத் தட்டை எங்கே வைப்பது? நீங்களோ, மாப்பிள்ளையின் தகப்பனாரின் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்து, ஒரு மணித்தியாலம் அந்த வெள்ளைக் கோட்டைத் தேடவைத்தீர்கள். அந்த மனிதர் கண்ணைக் கசக்கிக்கொண்டு "ஓம் ஓம், தெரியுது" என்றார். ஒன்றும் தெரியவில்லை என்று அவர் மனைவி பிறகு என்னிடம் சொன்னா. நல்ல காலம், கல்யாணம் சரிவந்தது. மருமகன் இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த கிழமை கூறைச்சேலையையும் மற்றச் சேலைகளையும் கல்யாணம் நடக்கவிருந்த யாழ்ப்பாணத்துக்கு, என் அண்ணர் வீட்டுக்கு, முன்கூட்டியே அனுப்ப வேண்டியிருந்தது. சின்னத் தகரப்பெட்டியின் அடி துருப்பிடித்திருந்தது. சேலையில் கறை பிடிக்காமல் அடியில் ஒரு தாள் விரிக்க வேண்டும். வீட்டில் பழைய செய்தித்தாள் அடுக்கடுக்காக இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. உங்கள் துறைமுகத்தை எடுத்தேன். பெட்டிக்குள் அடங்கவில்லை. ஆகவே தையல் கத்தரிக்கோலால் கீழ் ஓரத்தை வெட்டினேன். பெட்டியின் மூலைகளுக்கு ஏற்ப நாலு மூலைகளையும் வளைத்து வெட்டினேன். கன்னியர் மடத்தில் எங்களுக்குத் துணி வெட்டக் கற்றுத்தந்த சிஸ்டர், கோடு போடாமல் நேராக வெட்டத் தெரியாதவளைத் தைக்க விடமாட்டா. நான் கோடு போடவில்லை. நேராகத்தான் வெட்டினேன்.

ஒரு மாதம் தேடினீர்கள். கண்டனீரோ என்று கேட்டீர்கள். காணவில்லை என்றேன். மடத்தில் படித்தும் நான் சைவப் பிள்ளை, பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய எனக்கு இடமில்லை. ஆகவே அந்தப் பொய் என்னிடமே தங்கிவிட்டது.

கல்யாணம் முடிந்தும் பெட்டி அண்ணர் வீட்டிலேயே நின்றது. அதற்குள் அந்த ஆடி மாதக் கலவரம் வந்தது. வீடு போயிற்று, மேசை போயிற்று, உங்கள் தாள்கள் அத்தனையும் போயின. அகதிகளாகக் கப்பலேறி யாழ்ப்பாணம் போனோம். மாற்றிக் கட்டச் சேலை வேண்டுமே என்று பெட்டியைத் திறந்தேன். சேலைகளை எடுத்தபோது அடியில் படம் கிடந்தது. நீங்கள் பின்னால் நின்றீர்கள். அண்ணரும் மச்சாளும் நின்றார்கள்.

நீங்கள் குனிந்து அதை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்கள்: "நீரெல்லோ இதைக் காப்பாத்தி வைச்சிருக்கிறீர்."

நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்திலிருந்து வளர்ந்ததுதான் தலைவர் சொன்ன கதை. மச்சாள் ஊருக்குச் சொன்னா. பிறகு நியூசிலாந்துக்கு, இந்த ஒக்லண்டுக்கு, வந்து நீங்கள் உங்கள் சனிக்கிழமைச் சீட்டாட்டக்காரருக்குச் சொன்னீர்கள். நெருப்பு எந்த வாயில் சேர்ந்ததோ தெரியாது.

இப்போது இங்கத்தைய செய்தி. சான்ட்ரிங்ஹாம் வீட்டில் பின்னேர வெயில் நேரே வரவேற்பறைச் சுவரில் விழுகிறது. அங்கே நீங்கள் சட்டம் போட்டு மாட்டிய படம் பழுப்பேறத் தொடங்கிவிட்டது. நகரத்திலுள்ள கலைக்கூடத்துக்குக் கொடுப்போம் என்றாள் வாசுகி. எனக்கும் சரியாகவே பட்டது. போன மாதம் இரண்டு பேரும் பஸ்ஸில் கொண்டுபோனோம். பழைய அச்சுப் படங்களைப் பார்க்கும் பெண் ஒருத்தி சட்டத்தைப் பிரித்துப் படத்தை வெளியே எடுத்தாள். இது அரிய படமல்ல, ஆயிரக்கணக்கில் அச்சடித்த பத்திரிகைத் தாள்தான் என்றாள். ஆனால் மூட்டுகள் இவ்வளவு தெளிவாகத் தெரிவதால் மாணவர்களுக்குக் காட்ட நல்லது, மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வோம் என்றாள். நீங்கள் இருந்திருந்தால் அன்று அவளை வீட்டுக்குப் போக விட்டிருக்கமாட்டீர்கள்.

பிறகு அவள் கீழ் ஓரத்தில் விரலை வைத்தாள். பத்திரிகையின் பெயர், தேதி, செதுக்கிய பட்டறையின் பெயர் எல்லாம் அங்கேதான் இருந்திருக்க வேண்டுமாம். யாரோ வெட்டியிருக்கிறார்கள், வெட்டிய கை கொஞ்சமும் நடுங்காத கை என்றாள். அவள் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு கணம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நான் பதில் சொல்லுமுன் வாசுகி நெருப்புக் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். அந்தப் பெண் கண்கலங்கக் குறிப்பெடுத்தாள். பத்து நாளில் தபாலில் ஒரு படிவம் வந்தது. படம் எப்படிக் கிடைத்தது என்ற இடத்தில் அந்தக் கதை தட்டச்சிலிருந்தது. கீழே நான் கையெழுத்திட வேண்டும்.

உள்ளதை வாசுகியிடம் சொன்னேன். படிவத்தை எடுத்து மறுபடி வாசித்தாள். பிறகு, "அம்மா, அப்பாவே அப்பிடித்தானே சொன்னவர். விட்டிடுங்கோவன்" என்றாள்.

அந்த வார்த்தைதான் என்னை உலுக்கியது. அப்பா அப்படிச் சொன்னார். ஆனால் அப்பா அப்படி நம்பினாரா? ஒரு மலையின் சரிவை மயிரிழைக் கோடுகளால் வரைந்தவர் நீங்கள். எட்டுப் பேரின் கையையும் பிரித்தறிந்தவர். வெட்டிய ஓரமும் வளைந்த மூலைகளும் உங்கள் கண்ணுக்குத் தப்பியிருக்குமா? பத்திரப்படுத்துகிறவள் கத்தரிக்கோலை எடுப்பாளா?

மறுநாள் நகரின் தென்புறத்திலுள்ள பாபடோயிட்டோய்க்குப் போனேன். உங்களுக்குப் படச்சட்டம் செய்து தந்த பீஜித் தீவுக்காரர் முனுசாமியைக் கேட்டேன். அவர் தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. ஆகவே அவர் சொன்னதை எழுதினால் கோபிக்கமாட்டார். படத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே வைக்கும் அட்டையை ஏன் அவ்வளவு அகலமாக வெட்டினீர்கள் என்று கேட்டேன்.

"ஐயாதாம்மா அளவு குடுத்தாரு. கீழ் ஓரமும் நாலு மூலையும் வெளியே தெரியக் கூடாதுன்னாரு. படம் சின்னதாப் போகுமேன்னு சொன்னேன். போகட்டும்னாரு."

"ஏன் எண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டேம்மா. வீட்ல ஒருத்தரு தெனமும் அதைப் பாக்கணும்னாரு. எனக்கு வெளங்கல."

எனக்கு விளங்கியது பாதிதான். நான் தினமும் பார்த்து வருந்தக் கூடாது என்று மறைத்தீர்களா? அல்லது அதே சுவரில், அதே கதையோடு, நான் தினமும் அதைப் பார்க்க வேண்டும் என்று மாட்டினீர்களா? ஐந்து வருஷம் நான் அதைத் தூசு தட்டினேன். நீங்கள் சாய்கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இரண்டில் எதுவானாலும் நான் ஏற்றுக்கொள்வேன். தெரியாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

படிவத்தில் தட்டச்சிட்டதைக் கோடிட்டு அடித்துவிட்டு, என் கையெழுத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "வரைபடக் கலைஞரான என் கணவர் கொழும்பில் வாங்கியது. கீழ் ஓரத்தையும் மூலைகளையும் நான் கோபத்தில் வெட்டி, பெட்டியின் அடியில் விரித்தேன். அதனால் தப்பியது." வாசுகி இரண்டாம் வாக்கியத்தை எடுக்கச் சொன்னாள். எடுக்கவில்லை. அந்தப் படம் எந்தச் சுவரில் தொங்கினாலும், நான் உள்ளவரை, அதன் கீழே இந்த மூன்று வாக்கியங்களும் குறையாமல் இருக்கும். இது உங்களுக்கு என் வாக்கு.

கடைசிப் பந்தி உங்களுக்கல்ல. சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் அவரோடு சீட்டாடிய மூன்று பேருக்கும் இது. அந்தப் படத்தின் ஓரத்தைப் பற்றி அவர் உங்களில் யாரிடமாவது ஒரு சொல்லாவது சொல்லியிருந்தால், அதைக் கூட்டாமல் குறைக்காமல் எனக்குத் தெரிவியுங்கள். தொலைபேசி வேண்டாம். தொலைபேசியில் எல்லோரும் எனக்கு இதமாகவே கதைக்கிறார்கள். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
அவருடைய மனைவி, வாசுகியின் தாய்