சூப்புப் பானை இல்லாத வரலாறு

வரலாற்றுப் பெருங்கடலே, சோஷலிஸ்ட் சூரியனே, என் அக்கா பெற்ற மார்சியாலே,

எங்கள் சுரங்க வேலைநிறுத்தத்தைப் பற்றி நீ எழுதிய புத்தகம் பாரிசிலிருந்து வந்தது. தூக்கி வந்த தபால்காரனுக்கு முதுகு மூன்றாக ஒடிந்தது. அதில், உன் சொற்பொழிவைக் கேட்டே குதிரைப்படை திரும்பி ஓடியதாம்!

வேலைநிறுத்தம் முடியும்வரை ஊருக்கே பொதுச் சூப்பு காய்ச்சியவள் உன் அம்மா. சுரங்க வாசலுக்கு வந்த படைமேல் அந்தக் கொதிக்கும் பானையைக் கவிழ்த்தவளும் அவள்தான். புத்தகத்தில் அவளுக்கு ஒரு வரிகூட இல்லை.

படித்துக்காட்டச் சொன்னாள். கேட்டு முடித்ததும், "விடுடா தம்பி, பிள்ளைக்கு மறந்திருக்கும். என் சூப்பைக் குடிச்சுட்டுத்தானே பேசினான்?" என்றாள். அதற்குப் பிறகு அவள் சாப்பிட உட்காரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே வாசலுக்கு ஓட்டுக் கேட்க வருகிறாயாமே, வா. பானை கொதித்துக்கொண்டிருக்கும். முதலில் அவள் பெயரைச் சொன்னால் சூப்பு கிண்ணத்தில், சொல்லாவிட்டால் தலையில்.

இப்படிக்கு,
பானையின் மறுபக்கத்தைப் பிடிக்கப்போகும்
உன் தாய்மாமன்