உன் சார்பில் கேட்ட மன்னிப்பு

அன்பு மகளே,

இன்று காலை கட்சிக் கிளைத் தலைவர் ஒரு கட்டுக் கொடியை வாசலில் போட்டார். மறுபடியும் தேர்தல். புது பிளாஸ்டிக் வாடை வீடு முழுக்க அடிக்கிறது. "புள்ளைங்க யாராச்சும் இருந்தா அனுப்பு லா, ரோட்டோரம் கட்டணும்" என்றார். சொன்ன பிறகுதான் யார் வீட்டில் நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

நீ பன்னிரண்டு வயதிலிருந்து கொடி கட்டியவள். புக்கிட் பெலிம்பிங் சாலையிலிருந்து நம் தோட்டத்து முனைவரை, கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு கட்டிக்கொண்டே வருவாய். கூட்டத்துக்கு நாற்காலி போடுவாய், வந்தவர்களுக்குச் சாப்பிட மீகூன் பொட்டலம் கொடுப்பாய். கெட்டிக்காரப் பிள்ளை என்று எல்லோரும் மெச்சுவார்கள். எனக்கும் தலைகால் புரியாது.

போன தேர்தலில் உனக்குப் பதினேழு வயது. தோட்டம் கைமாறப் போகிறது என்று பேச்சு அடிபட்ட நேரம். மண்டபத்தில் வேட்பாளர் பேசி முடித்து, "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார். பெரியவர்கள் நாங்கள் மீகூன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீ எழுந்தாய்.

"தோட்டத்த வித்துட்டா லயத்துல இருக்கறவங்களுக்கு வீடு எங்க? அத எழுத்துல குடுப்பீங்களா?"

மண்டபமே சிரித்தது. "மொதல்ல எஸ்.பி.எம். பரீட்சை பாஸ் பண்ணு லா" என்று பின்வரிசையில் ஒரு குரல். கிளைத் தலைவர் என்னை முறைத்தார். நான் ஓடிவந்து உன் தோளை அழுத்தி உட்காரவைத்தேன். மேடையைப் பார்த்துக் கைகூப்பி, "சின்னப் புள்ள, தெரியாமப் பேசிட்டா, மன்னிச்சிருங்க" என்றேன். கொடி கட்டும்போது உன் வயதை எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

மோட்டாரில் திரும்பும்போது பின்னாலிருந்து கேட்டாய்: "நான் என்னப்பா தப்பா கேட்டுட்டேன்?"

"வாய மூடிக்கிட்டு வா" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் மிச்சக் கொடிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். "இனிமே எதுக்குடி?" என்றாள் அம்மா. "கட்டுறேன்னு சொல்லிட்டேன்ல" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

பதினெட்டு வயதாக மூன்று மாதம் இருக்கும்போது டிங்கிக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். ஓட்டுச் சீட்டை ஒருமுறைகூடக் கையில் வாங்காமல் போய்விட்டாய்.

போன மாதம், தோட்டத்தை விற்கப்போகிறோம், லயத்து வீடுகளைக் காலி செய்யுங்கள் என்று கடிதம் வந்தது. அதே மண்டபத்தில் கூடினோம். ஜெயித்துப் போன அந்த வேட்பாளரும் வந்திருந்தார். நான் எழுந்து, நீ கேட்டதையே ஒரு சொல் மாற்றாமல் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. கைதட்டினார்கள். "சரியான கேள்வி லா!" என்று கிளைத் தலைவர் என் முதுகில் தட்டினார். நரைத்த தலை கேட்டால் அது சரியான கேள்வியாகிவிடுகிறது. வெளியே வந்து செம்பனை மரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அன்றைக்கே உன் பின்னால் நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தால் எழுத்தில் ஏதாவது வாங்கியிருக்கலாமோ என்னவோ. இப்போது ஜெயித்தவர், பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீடு போனால் போகட்டும். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஏழு மாதம் நீ என்னோடு இருந்தாய். தினமும் எனக்குத் தேநீர் கலக்கிக் கொடுத்தாய். ஊரார் முன்னால் உனக்காக மன்னிப்புக் கேட்டவன், அந்த ஏழு மாதத்தில் ஒரு நாள்கூட உன்னிடம் கேட்கவில்லை, அம்மா.