கோதுக்குள் ஊற்றிய எண்ணெய்

முரசுமோட்டை,
16.06.2024

அன்புள்ள தங்கச்சி தர்சினிக்கு,

இங்கு எல்லோரும் சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும். இந்தச் சிறுபோகத்துக்கு எங்கள் வாய்க்காலிலும் தண்ணீர் வந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியைப் பாதியில் வைத்துவிட்டாய். திரும்ப எடுத்தால் இருவரும் முதலிலிருந்து தொடங்குவோம். அதனால் எழுதுகிறேன்.

நீ கேட்டது எனக்கு விளங்காமல் இல்லை. உன் மகள் யதுசா வயதுக்கு வந்து பெரியபிள்ளையாகிவிட்டாள். ஆவணியில் இங்கு வந்து தண்ணீர் வார்க்கும் சடங்கு நாட்களில், அம்மா எங்களுக்குக் கொடுத்ததுபோல அவளுக்கும் காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்க வேண்டும் என்றாய். கனடா முட்டையைப் பச்சையாகக் கொடுக்கப் பயம், ஊர் முட்டை என்றால் பயமில்லை என்றாய். மாமாவின் மகன் சிவகரனிடம் அவனுடைய பண்ணை முட்டைக்குச் சொல்லியும் வைத்துவிட்டாய். நான் வேண்டாம் என்றதும், "மிருக வைத்தியத்துக்குப் படிச்ச நாளில இருந்து அக்காவுக்கு எல்லாத்திலையும் கிருமிதான்" என்று சொல்லிவிட்டு வைத்தாய்.

சண்டையில் இடம்பெயர்ந்து துணுக்காயில் இருந்தபோதுதான் நீ பெரியபிள்ளையானாய். தறப்பாள் கொட்டிலின் மூலையில் சேலையைக் கட்டி மறைத்து உன்னை இருத்திவிட்டு, அம்மா முட்டை தேடிப் போனார். அப்போது எந்த வீட்டிலும் முட்டை மிச்சம் இருக்காது. அடைவைக்கச் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றை யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். மறுநாள் வேறொரு வீடு. நீ மூக்கைப் பொத்திக்கொண்டு முட்டையைக் குடித்ததும், அதே கோதுக்குள் நல்லெண்ணெயை ஊற்றித் தருவார். அளவு அதுதான். நான் பனங்கட்டித் துண்டொன்றை ஒளித்துக்கொண்டு வந்து உன் கையில் வைப்பேன். அம்மா கண்டும் காணாததுபோல நிற்பார். பேராதனையில் கிருமிகளைப் பற்றிப் படித்து முடித்த பிறகும், நல்லெண்ணெய் மணம் வந்தால் எனக்கு அந்தக் கொட்டில்தான் நினைவில் வருகிறது.

அடுத்ததை வெளிநாட்டில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று சிவகரன் கேட்டிருந்தான். யதுசா வரப்போவதால் சொல்கிறேன்.

அவனுடைய மகள் தேனுகா சித்திரையில் பெரியபிள்ளையானாள். தன் பண்ணையில் பெரிய முட்டைகளாகத் தெரிந்தெடுத்து அவனே கொடுத்தான். சில நாட்களில் பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. கண்கள் உள்ளே போய்விட்டன. கோழிகளுக்கு ஏதும் மருந்து கொடுப்பதுண்டா என்று டொக்டர் கேட்க, சிவகரன் இல்லை என்றான்.

பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். நோய் வருமுன்னரே குடிதண்ணீரில் அன்ரிபயோட்டிக் தூளைக் கலப்பான். நிறுத்தச் சொன்னபோதெல்லாம், "செத்த கோழியை வெட்டிப் பாக்கத்தான் நீங்கள் படிச்சனீங்கள் மச்சாள். எனக்குக் கோழி உயிரோட வேணும்" என்று சிரிப்பான். அந்தத் தூளுக்குப் பழகிப்போன கிருமி முட்டை வழியாகப் பிள்ளைக்குள் போயிருக்கிறது. பிள்ளைக்கு ஏற்றிய மருந்தும் அந்தத் தூளின் இனம்தான்.

அவனை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய் இதைச் சொன்னேன். "நல்ல முட்டையாப் பாத்துத்தானே மச்சாள் குடுத்தனான்" என்றான். அவனே உள்ளே போய் டொக்டரிடம் தூளின் பெயரைச் சொன்னான். மருந்தை மாற்றினார்கள். பரிசோதனை முடிவும் பின்னர் அதையே சொன்னது. தேனுகா இப்போது வீட்டில் இருக்கிறாள். தண்ணீர் வார்ப்புக்குத் தைப்பித்த சட்டை அவளுக்குத் தொளதொளவென்று நிற்கிறது.

நீ முட்டை கேட்டபோது, மறுக்க வாயெழாமல்தான் ஓம் என்றிருக்கிறான். தூளை விட்டுவிட்டதாகச் சொல்கிறான். அடுத்த கோழி தலையைத் தொங்கப்போடும் வரைக்கும்தான் அந்தச் சத்தியம் என்று நினைக்கிறேன்.

அம்மா தந்த முட்டையில் கிருமி இருக்கவில்லை என்றும் நான் சொல்லமாட்டேன். கோதில் ஒட்டியிருந்த எச்சத்தை அவர் முந்தானையால் துடைத்துவிட்டுத் தந்ததைக் கண்டிருக்கிறேன். எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான். அன்று நடந்திருந்தால், மருந்து வன்னிக்குள் கிடைத்திருக்குமோ தெரியாது. கிடைத்திருந்தால் நோய் அதற்குக் கேட்டிருக்கும். இன்று பரந்தன் சந்தியிலேயே மருந்து கிடைக்கிறது. நோய்தான் கேட்பதில்லை.

கோபத்தில் ஆவணிப் பயணத்தை நிறுத்திவிடாதே. முட்டையை மஞ்சட்கரு இறுகும்வரை நான் அவித்துத் தருவேன். இன்னொரு முட்டையின் கோதை வேறாகக் கொதிக்க வைத்து எடுத்து, அதற்குள் நல்லெண்ணெய் ஊற்றுவேன். அளவு மாறக்கூடாது. பனங்கட்டியை இந்த முறை நீ ஒளித்துக்கொண்டு வா. நான் காணமாட்டேன்.

அம்மா இருந்தால் என்ன சொல்லி வாழ்த்துவாரோ, எனக்கு அப்படிச் சொல்ல வராது. பிள்ளை நோய்நொடி இல்லாமல் வளரட்டும். வரும் திகதியைச் சொல்லி ஒருதரம் எடு. நீ சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசமாட்டேன்.

உன் அக்கா,
ஜெகதீஸ்வரி