தூசிக்குள் இருந்த நட்சத்திரம்

10 ஜூன் 2015, புதன்
விடியும்போதே மழை. அம்மாவோடு நெய்யூருக்கு ஆட்டோ. ஸ்கேன். ஒன்பது வாரம் ஆக வேண்டிய பிள்ளை, ஆறு வார அளவுதான். துடிப்பு தெரியவில்லை. டாக்டரம்மா: "நாள் கணக்கு தப்பியிருக்கலாம். ஒரு வாரம் கழிச்சுப் பாப்போம்." திரும்பும்போது அம்மா ஆட்டோக்காரரிடம், "பைய விடுங்க, பிள்ள வயித்தோட இருக்கா."
வாங்க: ஃபோலிக் மாத்திரை, டேட்டா கார்டு ரீசார்ஜ்.

11, வியாழன்
படுத்தபடியே வேலை. பி.எச்டி. கடைசி அத்தியாயம். ஏழு வருடம் முன்பு மங்கலாக வெடித்த பெரிய நட்சத்திரம். அதற்கு முன்பே தூசி மூடிக் கிடந்தது. வெடிப்பில் செத்ததா, மேல் அடுக்கை மட்டும் உதறிவிட்டுப் பிழைத்ததா? பிழைத்திருந்தால் தூசியைச் சூடாக்கும். அகச்சிவப்புப் படத்தில் தெரியும்.
அம்மா எட்டிப் பார்த்தாள். "இதுல எது மக்கா உன் நட்சத்திரம்?" காட்டினேன். "ஒண்ணும் காணல்லியே."

14, ஞாயிறு
புதிய படங்கள் வந்தன. வெடிப்பதற்கு முன் இருந்த வெளிச்சத்தைவிடக் குறைவு. மூன்று தடவை அளந்தேன். அதேதான். புனேயில் என் கைடு சாருக்கு ஃபோன். "தூசி கெட்டியா இருந்து மறைக்குதான்னு பாரும்மா. அவசரப்பட்டு செத்துப்போச்சுன்னு எழுதிடாதே." அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். நட்சத்திரத்துக்காக மட்டும் இல்லை.
கத்தாரிலிருந்து அத்தான்: "பயப்படாண்டாம், கேட்டியா."
பகல் முழுக்கக் கரண்ட் இல்லை.

16, செவ்வாய்
தூசிக் கணக்கு முடிந்தது. அவ்வளவு ஒளியை மறைக்க, அந்த நட்சத்திரம் உதறியிருக்கக்கூடியதைப் போலப் பல மடங்கு தூசி வேண்டும். வழியில்லை. பிழைக்கவில்லை. சாருக்குச் சந்தோஷம். "தெளிவான முடிவும்மா." எனக்கும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நாலு வருட உழைப்பு.

17, புதன்
ஸ்கேன். டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ரொம்ப நேரம். துடிப்பு இல்லை. வளரவும் இல்லை. அம்மா என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
மத்தியானம் அத்தான் கூப்பிட்டார். சொன்னேன். அவர், "ஏட்டி, உன் நட்சத்திரம் என்னாச்சு?" வேறென்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டிருப்பார்.
"அதுவும் இல்ல அத்தான்."
அப்போதுதான் அழுதார். கல்யாணமாகி இத்தனை நாளில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.
நாளை ஏழு மணிக்கு அட்மிஷன். வெறும் வயிறு. பழைய சேலை இரண்டு. ஸ்கேன் ஃபைல்.