சுரண்டிப் போட்ட நட்சத்திரங்கள்

சித்திரை 20, இரவு

வெளிச்சம் கறுப்பாக விழும் நெகட்டிவ் கண்ணாடித் தகட்டில் வேண்டாத கறுப்புப் புள்ளி இருந்தால் கத்தியால் சுரண்டி எடுப்பதுதான் ஸ்டுடியோவில் என் வேலை. ரயில்வே குமாஸ்தா கழுவக் கொடுத்த தகட்டில் ஆளே இல்லை, புள்ளிகள்தான். அத்தனையையும் சுரண்டிச் சுத்தமாக்கிவிட்டேன்.

மத்தியானம் குமாஸ்தா வந்து தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, இதுல திரிசங்கு நட்சத்திரம் நாலும் இருந்துச்சே?"

"அம்புட்டும் தூசின்னு நெனச்சேன் மாப்ள. வெறும் இருட்டை எவன் படம் எடுப்பான்?"

அவர் சிரிக்கவில்லை. வில்லாபுரம் வயலில் ஒரு மணி நேரம் நட்சத்திரம் நகர நகரக் காமிராவையும் நகர்த்தி எடுத்தாராம். நாளைக் காலை வடக்கே மாற்றலாகிப் போகிறார். திரிசங்கு தெற்கு வானத்தில் தாழ இருப்பதால் அங்கே தெரியாதாம்.

"எடத்தைக் காட்டுங்க, நாலு புள்ளி வச்சுத் தாரேன்."

"வேணாம்ணே. நீங்க வச்சா அது ஒங்க நட்சத்திரம்."

"அப்ப ராத்திரி திரும்ப எடுங்க. காமிராவைத் தூக்க நான் வாரேன்."

போனோம். தெற்கே ஒரே மேகம். பத்து மணி வரைக்கும் வரப்பில் உட்கார்ந்திருந்தோம். எழுந்திருக்கும்போது சொன்னார்:

"இன்னைக்கு எடுத்தா ஒங்களுக்குச் சுரண்டுற வேலையே இல்லண்ணே."

ஊரையே கேலி பேசுகிறவன் நான். இன்று கேலி என் பக்கம் திரும்பிவிட்டது. காமிராவைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தேன்.