பொங்கல் வரிசையும் ஏழாம் அத்தியாயமும்

விருத்தாசலம்
10.11.2024

அன்புள்ள அன்புக்கரசிக்கு,

இங்கே நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? ஓசூர்க் குளிரில் சின்னவனுக்கு மூக்கு ஒழுகுவது நின்றதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் இதைப் பேசினால் நான் அழ ஆரம்பிப்பேன், நீ உடனே "அண்ணி, குக்கர் விசிலடிக்குது" என்று வைத்துவிடுவாய். பத்து வருடமாக உன் வீட்டுக் குக்கரை எனக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். நான் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறேன். சிரிக்காதே. உன் அண்ணனோடு வாழ்ந்த ஏழு வருடத்தைப் பற்றி, அடி உதை உட்பட. பீங்கான் யூனிட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் கிடைக்கும். அதில் கொஞ்சம் கொஞ்சமாக நோட்டில் எழுதி, கூட வேலை செய்யும் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். அதில் ஒருத்தியின் மகள் டைப் அடித்துக் கடலூரில் ஒரு சின்னப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டாள். போடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பிப்ரவரியில் பிரஸ்ஸுக்குப் போகிறது.

ஏழாம் அத்தியாயத்தில் நீ வருகிறாய். நகல் இதோடு வைத்திருக்கிறேன். உன் அண்ணன் என் கையை முறித்த மறு வாரம் கம்மாபுரத்து வீட்டுக் கூடத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்களே, அந்த நாள். "வூட்ல கூட இருந்தது நீதானம்மா, நீ பாத்தியா?" என்று உன்னைக் கேட்டார்கள். நீ தரையைப் பார்த்துக்கொண்டு "நான் பாக்கல" என்றாய். உடனே எல்லோருக்கும் காபி வந்தது. நான் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாக முடிவானது.

உனக்கு அப்போது இருபது வயது. கட்டுப் போட்ட கையோடு நான் உட்கார்ந்திருந்தபோது ஒரு மாதம் எனக்குத் தலை வாரிவிட்டதும் நீதான். அதையும் எழுதியிருக்கிறேன். உன் மேல் கோபமே இல்லை என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் இருக்கிறது, காபிப்பொடி டப்பாவின் அடியில் தங்குகிற அளவுக்கு.

உன் பெயரைப் போடலாமா, வேறு பெயர் வைக்கலாமா, அத்தியாயத்தையே எடுத்துவிடலாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். நீ பார்க்கவில்லை என்று மட்டும் என்னால் எழுத முடியாது.

பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உன் அண்ணி
இளமதி


ஓசூர்
24.11.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. தபால்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தக் குடியிருப்பில் கடைசியாகக் கடிதம் வந்தது யாருக்கு என்று அவருக்கே நினைவில்லையாம்.

நீங்கள் புத்தகம் எழுதிவிட்டீர்கள்! மளிகைச் சீட்டு எழுதச் சொன்னால் "நீயே எழுது, எனக்குக் கை வலிக்குது" என்பீர்களே! பெரியவள் யுவஸ்ரீயிடம் சொன்னேன். "அத்தை போட்டோ அட்டையில வருமா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

ஏழாம் அத்தியாயத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். முதலில், பெயரை மாற்றி ராஜாம்பாள் என்று வைக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, நாத்தனார் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பெண் என்று போடச் சொல்லலாம் என்று தோன்றியது. அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். என்ன பெயர் வைத்தால் என்ன, ஆனந்தராஜ் அண்ணனுக்கு ஒரே தங்கைதான் என்று ஊருக்கே தெரியும்.

அண்ணி, கோபிக்காதீர்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு தாய் வீடு என்று எனக்கு இருப்பது அண்ணன் ஒருத்தர்தான். வருடா வருடம் போகிக்கு முன்னால் கரும்பையும் மஞ்சள் கொத்தையும் தூக்கிக்கொண்டு கம்மாபுரத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்து இறங்குகிறார். "உங்க வூட்லேர்ந்து வரிசை வந்துடுச்சா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்கும்போது, வந்துவிட்டது என்று சொல்ல எனக்கும் ஒரு வீடு வேண்டும் இல்லையா? அந்த அத்தியாயம் வந்தால் அவர் என் வாசற்படி மிதிக்கமாட்டார்.

அதை எடுத்துவிடுங்கள் அண்ணி. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

தங்கள் அன்பு
அன்புக்கரசி


விருத்தாசலம்
04.12.2024

அன்புள்ள அன்புவுக்கு,

எடுத்துவிட்டேன். பதிப்பகத்துக்கும் சொல்லிவிட்டேன். எட்டாம் அத்தியாயம் ஏழாகிவிட்டது. காலில் விழுவதெல்லாம் வேண்டாம், உனக்கு முட்டி வலி.

இப்போது ஒரு வேடிக்கை கேள். எங்கள் யூனிட்டில் யாருக்காவது காயம் பட்டால் எழுதி வைக்க ஒரு நோட்டு உண்டு. களிமண் கூழை ஊற்றி வார்க்கிற பிளாஸ்டர் அச்சுகள் நல்ல கனம், தலை உயர இரும்பு ராக்கில் அடுக்கியிருப்போம். கன்னம் வீங்கி வந்த நாட்களில் நான் அதில் "ராக்கிலிருந்து அச்சு விழுந்தது" என்று எழுதுவேன். நான் மட்டும்தான் அப்படி எழுதினேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். புத்தகத்தில் இதை எழுதிய பக்கத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பெயிண்ட் அடிக்கிற பார்வதி அக்கா மெதுவாக, "எனக்கும் மூணு தடவ அச்சு வுழுந்துச்சு" என்றார். "எனக்கு தீபாவளிக்கு வுழுந்துச்சு" என்றாள் இன்னொருத்தி. அப்புறம் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்தபோது பாதிப் பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி பஞ்சநாதன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மனிதர் பாவம். மூன்று வருடத்துக்கு முன்பு இந்த நோட்டைப் பார்த்துப் பயந்துபோய், ராக்கையெல்லாம் அறுத்து இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிட்டார். அன்றிலிருந்து குனிந்து குனிந்து எங்கள் எல்லோருக்கும் முதுகு வலி. "ஏம்மா, அப்போ ஒரு அச்சுகூட வுழலியா?" என்றார். "ஒண்ணே ஒண்ணு வுழுந்துச்சுங்க, அதுவும் உங்க கால்லதான்" என்றார் பார்வதி அக்கா.

இப்போது நோட்டில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறார்கள். போன வாரம் ஒருத்தி "அச்சு இல்லை, வீட்டுக்காரர்" என்று எழுதிவிட்டாள். விஷயம் தெரிந்து அந்த ஆள் வாசலில் வந்து கத்தினான். பஞ்சநாதன் நோட்டை எடுத்துப் போய் அவன் முன்னால் நீட்டி, "அச்சு வுழுந்தா நான் கையெழுத்து போடுவேன். நீங்க வுழுந்தா நீங்கதான் போடணும்" என்றார். அவன் வண்டியைக்கூட ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே போனான். அவள் இப்போது பார்வதி அக்கா வீட்டில் இருக்கிறாள்.

புத்தகம் இன்னும் வரவே இல்லை, அதற்குள் இவ்வளவு. பஞ்சநாதன் ராக்கையும் உயர்த்திவிட்டார்.

உன் அண்ணி
இளமதி


ஓசூர்
20.12.2024

அன்புள்ள அண்ணிக்கு,

பஞ்சநாதன் கதையை இவரிடம் சொன்னேன். அரை மணி நேரம் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "அந்த ஏழாம் அத்தியாயத்த நானும் படிச்சேன், அரிசி டின்னுக்குள்ள இருந்துச்சு. நீ பாத்தியா அன்பு?" என்று கேட்டார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

நீங்கள் ஒரு வார்த்தை மறுக்காமல் எடுத்துவிட்டீர்கள். அதுவும் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்று. அண்ணனுக்குப் புத்தக விஷயம் தெரிந்துவிட்டது. போன் செய்தார். வரிசை கொண்டு வரும்போது ஒரு காகிதமும் கொண்டு வருவாராம். "கூடவே இருந்தவ நீ. அப்படி ஒண்ணும் நடக்கலன்னு நீ எழுதிக் குடுத்தா பொஸ்தகத்த நிறுத்திடலாம்" என்கிறார். நான் ம் என்றேனா, இல்லையென்றேனா என்று எனக்கே தெரியவில்லை.

நான் என்ன செய்யட்டும் அண்ணி? நீங்களே சொல்லிவிடுங்கள்.

அன்பு


விருத்தாசலம்
27.12.2024

அன்புள்ள அன்புவுக்கு,

சொல்லமாட்டேன். அன்றைக்கு என்ன பேச வேண்டும் என்று உனக்குப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் சொல்லிக் கொடுத்தால் எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

புத்தகம் நின்றுபோனால் எனக்கு வலிக்கும். நிறையவே வலிக்கும். ஆனால் அதற்காக உன்னோடு பேசாமல் இருக்கமாட்டேன்.

யுவஸ்ரீயின் அரையாண்டுத் தேர்வு எப்படிப் போனது?

இளமதி


ஓசூர்
12.01.2025

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் நேற்று வந்தார். இரண்டு கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், பிள்ளைகளுக்குத் துணி. எதிலும் குறையில்லை. ஆறு இட்லி சாப்பிட்டார், சட்னி நன்றாக இருக்கிறது என்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்து காகிதத்தை எடுத்தார். "ஒண்ணும் புதுசு இல்லம்மா. அன்னிக்கு நீ சொன்னதுதான் எழுதியிருக்குது."

வாங்கிப் படித்தேன். "என் அண்ணன் யார் மீதும் கை ஓங்கியதே இல்லை" என்று முதல் வரி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அண்ணி. கணக்கில் மார்க் குறைந்ததற்கு என்னையே காதோடு சேர்த்து எத்தனை தடவை அறைந்திருக்கிறார்! சிரித்துவிட்டதால் கொஞ்சம் தைரியமும் வந்தது என்று நினைக்கிறேன்.

"நான் பாத்தேண்ணா" என்றேன்.

"என்னாத்த?"

"நீங்க அண்ணி கைய முறுக்குனத. சமையக்கட்டு வாசப்படியில நின்னு பாத்தேன். எலும்பு ஒடைஞ்ச சத்தமும் கேட்டுச்சு."

"அப்போ அன்னிக்கு ஏன் பாக்கலன்னு சொன்ன?"

"உங்களுக்குப் பயந்துகிட்டு" என்றேன்.

அண்ணன் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தார். இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "இனிமே எனக்குத் தங்கச்சியும் இல்ல, வரிசையும் இல்ல" என்று அண்ணன் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கள் மாடிப்படித் திருப்பத்தில் கரும்பு மாட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. கடைசியில் இவர்தான் போய்ப் பதமாகத் திருப்பி இறக்கிவிட்டு வந்தார். அண்ணன் வெல்லத்தை மட்டும் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அதில்தான் பொங்கல் வைக்கப்போகிறேன், எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

ஏழாம் அத்தியாயத்தைத் திரும்பச் சேருங்கள். ராஜாம்பாள் வேண்டாம், அன்புக்கரசி என்றே போடுங்கள். "நான் பாக்கல" என்று நான் சொன்னதை அழிக்க வேண்டாம். சொன்னேன்தானே. அதற்குக் கீழே, அவள் பார்த்தாள், அதைப் பன்னிரண்டு வருடம் கழித்துச் சொன்னாள் என்று எழுதுங்கள். மன்னிப்பு என்று தனியாகக் கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை. இதையே அதுவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் பால் வாங்கப் போனபோது எதிர் வீட்டு அம்மா, "வரிசை வந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். செய்தது சரிதான். ஆனாலும் எனக்கென்று தாய் வீடு இனி இல்லை அல்லவா, அதற்குத்தான் அழுதேன்.

அன்புக்கரசி


விருத்தாசலம்
18.01.2025

என் அன்புவுக்கு,

ஏழாம் அத்தியாயம் அதன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. நீ சொன்னதை நீ சொன்னபடியே சேர்த்துவிட்டேன். யூனிட்டில் அதைப் படித்தபோது பார்வதி அக்கா, "இந்தப் பொண்ண நான் பாக்கணுமே" என்றார். உன் கடிதத்தை மடித்து என் பர்ஸில் வைத்திருக்கிறேன். அழுதேன், சந்தோஷமாகத்தான் அழுதேன்.

வருகிற 26, ஞாயிற்றுக்கிழமை, நான் ஓசூர் வருகிறேன். கரும்பு, மஞ்சள் கொத்து, அரிசி, வெல்லம் எல்லாம் கட்டி வைத்துவிட்டேன். பொங்கல் முடிந்து வருகிற வரிசை என்று ஓசூரில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். கரும்பை மட்டும் உங்கள் மாடிப்படிக்காகத் துண்டு போட்டுத்தான் கொண்டு வருகிறேன். எதிர் வீட்டு அம்மாவை அன்றைக்கு எங்கும் போகாமல் இருக்கச் சொல்.

உன் கல்யாணத்துக்குப் பிறகு முதல் இரண்டு பொங்கலுக்கும் வரிசையை உன் அண்ணன் தூக்கி வந்தான், அவ்வளவுதான். பார்த்துப் பார்த்துக் கட்டி அனுப்பியது நான். இனி நீங்கள் எப்படி வரிசை கொண்டு வரலாம் என்று கேட்காதே. விவாகரத்து நான் அவனிடமிருந்துதான் வாங்கினேன், உன்னிடமிருந்து வாங்கவில்லை.

உன் அண்ணி
இளமதி